தூர்ந்த கிணறுகள்: கிறிஸ்தவ மரபும் ஆவிக்குரிய புதுப்பித்தலும்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களைக் காணாமல் திரும்புவதில்லை. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாக எடுத்துரைக்கின்றன. ஊரின் முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரும் அவன் உறவினருடைய பெயரும் குடத்தில் இடப்படலாகாது என்பது ஒரு விதி. (இவ்விதியை வாசிக்கும்போது நம் சேகரக் கமிட்டித் தேர்தல்கள் நினைவிற்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை, அது வேறொரு கட்டுரைக்கு உரியது.) நாம் இங்கே கருத விரும்புவது மற்றொரு விதியாகும். ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு ஒருவன் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாகவும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாகவும் இருத்தல் வேண்டும். நிலமில்லாதவனுடைய பெயர் குடத்திற்குள் செல்லாது.

இவ்வூரைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் இன்று ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூடிவருகிற நம் சபையார் பெரும்பாலும் எவருடைய சந்ததியார்? குடத்திற்குள் செல்லாத அப்பெயர்களுக்குரியவர்களின் சந்ததியார். நம் திருச்சபையின் கிறிஸ்தவ மரபைப் பற்றிப் பேசப் புகுமுன் இதை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். ஏனெனில், மரபு என்றவுடன் நம் பிரசங்கங்களில் பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் கோபுர மணிகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட மக்கள் பின்னால் நின்றுவிடுகின்றனர்.

இக்கட்டுரையில் நாம் ஒரு நாட்டின் கிறிஸ்தவ மரபை ஆராய்ந்து, அதனின்று நம் சபைகளுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தைக் காண முயல்வோம். அந்நாடு ஸ்காத்லாந்து. காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரங்களுக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர்கள் அந்நாட்டுச் சபையாரே. அவர்கள் நமக்கு அனுப்பியதை நாம் அறிவோம். அதன்பின் அவர்களுக்கு நேர்ந்தது யாது என்பதை நம்மில் பலர் கேட்டதில்லை.

"சுதந்தரம்" என்னும் சொல்

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. நம் பழைய மொழிபெயர்ப்பில் "சுதந்தரம்" என்று வழங்கும் சொல்லுக்கு எபிரெயத்தில் நகலா என்பது மூலம். இன்றைய இளைஞர் இதனைச் சுதந்திரம், அதாவது விடுதலை என்றே பொருள்கொள்கின்றனர். மாணவர் சிலர் தேர்வுத்தாளிலும் அவ்வாறு எழுதியதுண்டு. நகலா என்பது முதலாவதாக நிலம். கோத்திரத்திற்கும் குடும்பத்திற்கும் கர்த்தர் பங்கிட்டுக் கொடுத்த நிலம். அதனை விற்றுத் தீர்க்கும் உரிமை அதை உடையவனுக்கே இல்லை. ஏனெனில் நிலம் கர்த்தருடையது (லேவியராகமம் 25:23). ஆகாப் அரசன் நல்ல விலை கொடுப்பதாகக் கூறியும் நாபோத்து மறுத்ததன் காரணம் பிடிவாதமன்று. பிதாக்களின் சுதந்தரம் விலைக்குரியதன்று என்ற நம்பிக்கையே (1 இராஜாக்கள் 21).

புதிய ஏற்பாட்டில் இதற்கு இணையாக வருவது பராதேக்கே என்னும் கிரேக்கச் சொல். ஒருவர் நம்மிடம் நம்பி ஒப்படைத்த பொருள், அடைக்கலப் பொருள் என்பது அதன் கருத்து (2 தீமோத்தேயு 1:14). அடைக்கலப் பொருளை வைத்திருப்பவன் அதன் உரிமையாளன் அல்லன். கணக்குக் கொடுக்க வேண்டியவன். எனவே ஒரு நாடோ ஒரு சபையோ தனக்குக் கிறிஸ்தவ மரபு உண்டு என்று கூறும்பொழுது, அது ஒரு கடனையும் ஒப்புக்கொள்கிறது. அக்கடன் யாருக்கு என்பதே வினா.

நிலம் மறுக்கப்பட்ட ஒரு சபை

ஸ்காத்லாந்தில் சீர்திருத்தம் 1560ஆம் ஆண்டு சட்டமாயிற்று. ஜான் நாக்ஸும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த திட்டத்தில், ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும் ஒரு பள்ளிக்கூடம் இருத்தல் வேண்டும் என்பது ஒரு கூறு. திருமறையை மக்கள் தாமே வாசிக்க வேண்டுமாயின் ஏழையின் பிள்ளையும் எழுத்தறிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. இத்திட்டம் முழுமையாக நிறைவேற நெடுங்காலம் பிடித்தது. ஆயினும் அந்நாட்டு மிஷனரிமார் எங்கே சென்றாலும் ஆலயத்திற்கு முன்னரே பள்ளியைத் தொடங்கியதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் அதன் கிளைகள் தோன்றின. 1838இல், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இரு சிறுவர் சென்னைப் பள்ளியில் பயில்வது தெரியவந்தபோது, அவர்களை நீக்க வேண்டுமென்று மற்ற மாணவர்களின் பெற்றோர் வற்புறுத்தினர். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். மாணவர் பலர் விலகிச் சென்றனர், பள்ளி மெலிந்தது, ஆனால் அவ்விருவரும் நீக்கப்படவில்லை. நம் பள்ளிகளின் நூற்றாண்டு மலர்களில் வென்ற கோப்பைகளின் படங்களுக்குக் கிடைக்கும் இடத்தில் கால் பங்கேனும் இந்நிகழ்ச்சிக்குக் கிடைத்திருந்தால் நன்று.

1843ஆம் ஆண்டு ஸ்காத்லாந்துச் சபை இரண்டாகப் பிளந்தது. சபைக்கு ஆயரை நியமிக்கும் உரிமை நிலக்கிழாருக்கா, சபையாருக்கா என்பதே வழக்கு. நானூற்றுக்கு மேற்பட்ட ஆயர்கள் தங்கள் ஊதியத்தையும் குடியிருந்த வீடுகளையும் துறந்து வெளியேறிச் சுதந்திர சபையை நிறுவினர். சென்னையில் இருந்த ஆண்டர்சனும் அவருடைய உடன் ஊழியரும் அச்சபையோடு சேர்ந்துகொண்டனர். வெளியேறியவர்கள் ஆலயம் கட்ட இடம் கேட்டபோது, பல ஊர்களில் நிலக்கிழார் ஒரு மனையளவு நிலமும் தர மறுத்தனர். சபையார் கடற்கரையிலும் சாலையோரத்திலும் பனியில் நின்று ஆராதித்தனர். ஸ்ட்ரான்ஷியன் என்னும் ஊரில் 1846இல், நிலத்தில் இடமில்லாமற்போகவே, இரும்பினால் ஆன ஒரு மிதக்கும் ஆலயத்தைச் செய்வித்து நீரிலே நிறுத்தி அதில் கூடினர்.

அதே காலத்தில் ஸ்காத்லாந்தின் மலைநாட்டு உழவர்கள், ஆட்டு மந்தைகளுக்கு இடம் வேண்டுமென்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளினின்று வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர். இத்துயரத்தைக் கண்டும் வாய்திறவாத ஆயர்கள் பலர், பேசியவர் சிலர். உழவரின் கிளர்ச்சி முற்றியபின் 1883இல் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு, 1866 முதல் 1872 வரை நம் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர்! அவ்விசாரணையைத் தொடர்ந்து 1886ஆம் ஆண்டுச் சட்டம், வாடகை செலுத்தும் உழவனை அவன் நிலத்தினின்று வெளியேற்ற இயலாதபடி காத்தது.

இவ்வரலாற்றை நாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அச்சட்டம் தோன்றிய ஐந்து ஆண்டுகளுக்குள், இங்கே செங்கல்பட்டு மாவட்டத்தில், அந்நாட்டினர் இருவர் நிலத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தனர். ஒருவர் சுதந்திர சபையின் ஆடம் ஆண்ட்ரூ. மற்றவர் திருவள்ளூர் வட்டாரத்தில் உழைத்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி. கௌடி பிறந்தது ஷெட்லாந்துத் தீவுகளில்; 1886ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுபடியான இடங்களுள் அதுவும் ஒன்று.

செங்கல்பட்டு மாவட்டம் மிராசு முறையின் தாயகம் எனலாம். ஊரின் தரிசு நிலத்தின்மேலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. உழைக்கும் படியாள், மணச்செலவுக்கென்றோ இழவுச் செலவுக்கென்றோ வாங்கிய சிறு கடனுக்காக வாழ்நாள் முழுவதும் ஒரே வீட்டிற்கு உழைத்தான். கடன் மகனுக்கும் இறங்கியது. அரசின் தரிசு நிலத்தைத் தர்க்காஸ்து மனுப் போட்டுப் பெறச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் அவன் குடிசை நின்ற மனையே மிராசுதாருடையது என்று சொல்லப்பட்டது. மனுப் போட்டால் குடிசை பறிபோகும். ஆகையால் சட்டம் இருந்தும் இல்லாததற்குச் சமம். இதனை மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் தெளிவாக எடுத்துக்காட்டினார். மிஷனரிமாரும் படியாட்களுக்காகத் தர்க்காஸ்து மனுக்களை எழுதிக் கொடுத்தனர், செய்தித்தாள்களில் வாதிட்டனர். 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது. அதன்வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே இன்று பஞ்சமி நிலம் என்று வழங்குகிறது. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் இவ்வாறு அளிக்கப்பட்டது என்பர்.

சபை வரலாறு கற்பிக்கும் நாம் இதனை மிஷனரிமாரின் புகழ்மாலையாக்கிவிடக் கூடாது. டிரெமென்ஹீரின் அறிக்கைக்கும் மிஷனரிமாரின் மனுக்களுக்கும் முன்னால் நின்றவர்கள், அடிக்கும் வசைக்கும் துணிந்து வந்து கேட்ட படியாட்களே. நிலம் வேண்டி வந்தவர்களை "சோற்றுக் கிறிஸ்தவர்கள்" என்று இகழ்ந்தவர்கள் மிஷன் வட்டாரங்களுக்கு உள்ளேயும் இருந்தனர். நாபோத்து தன் நிலத்திற்காக நின்றதை விசுவாசம் என்று பிரசங்கிக்கிற நாம், படியாள் ஒருவன் அரை ஏக்கர் கேட்டதைப் பேராசை என்று எண்ணுவது எவ்வாறு பொருந்தும்? மேலும், அச்சுதந்திர சபையின் கைகளும் கறையற்றவை அல்ல. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தோர் அளித்த நன்கொடையை அது 1844இல் ஏற்றுக்கொண்டது. அப்பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்று, அடிமைத்தளையினின்று தப்பிய பிரடெரிக் டக்ளஸ் 1846இல் ஸ்காத்லாந்தின் நகரந்தோறும் முழங்கினார். பணம் திரும்பிச் செல்லவில்லை. தனக்கு நிலம் மறுக்கப்பட்டதற்காகக் கண்ணீர் விட்ட சபை, பிறருடைய தளையின்மேல் வந்த பணத்தால் ஆலயம் கட்டிற்று.

வற்றிய ஊற்று

1950களின் நடுவில் ஸ்காத்லாந்துத் திருச்சபையின் உறுப்பினர் எண்ணிக்கை 13 இலட்சத்திற்கு மேல் இருந்தது. இன்று அது 3 இலட்சத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தங்களுக்குச் சமயம் எதுவும் இல்லை என்று பதிந்தோர் நூற்றுக்கு 37 பேர் அளவில் இருந்தனர்; 2022ஆம் ஆண்டில் 51 பேர். ஆலயங்கள் பல விற்கப்பட்டு வீடுகளாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. நமக்குப் பள்ளிகளைக் கட்டித்தந்த காணிக்கைகளை வாரந்தோறும் சேர்த்த சபைகளுள் சில இன்று இல்லை.

இதற்குக் காரணம் ஒன்றெனச் சொல்லுதல் எளிதன்று. நகரப் பெருக்கம், இரு உலகப் போர்கள், அறிவியல் வளர்ச்சி, குடும்ப வாழ்வின் மாற்றம் எனப் பலவற்றை ஆய்வாளர் கூறுவர். அவையெல்லாம் உண்மையே. எனினும் ஆயர்களாகிய நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. சபை தளர்கிறது என்பதை உணர்ந்து, 1955இல் அந்நாட்டினர் பில்லி கிரகாமை அழைத்துக் கிளாஸ்கோ நகரில் ஆறு வாரம் பெருங்கூட்டங்கள் நடத்தினர். மக்கள் இலட்சக்கணக்கில் வந்தனர். தனிமனிதர் பலருடைய வாழ்வு மாறியது என்பதை நாம் மறுக்கவில்லை. அங்ஙனம் மனந்திரும்பியோருள் பின்னாளில் ஊழியரானவர்களும் உண்டு. ஆயினும் அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே எண்ணிக்கை குறையத் தொடங்கி, இன்றளவும் குறைந்துகொண்டே வருகிறது. சுவரொட்டி ஒட்டி, ஒலிபெருக்கி கட்டி, மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடத்திவிட்டால் சபை புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று எண்ணும் நம் கமிட்டிகள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

அந்நாட்டிலேயே வேறொரு வழியும் முயலப்பட்டது. கிளாஸ்கோவில் கப்பல் கட்டும் தொழிலாளர் வாழ்ந்த கோவன் பகுதியின் ஆயர் ஜார்ஜ் மக்லியாட், வேலையிழந்தோரின் துயரத்தைக் கண்டு, 1938இல் தம் சபையை விட்டு அயோனாத் தீவுக்குச் சென்றார். கி.பி. 563இல் கொலம்பா வந்திறங்கி நற்செய்திப்பணி தொடங்கிய தீவு அது. அங்கே இடிந்து கிடந்த மடத்தின் கட்டடங்களை மீண்டும் எழுப்பும் பணியில், வேலையற்ற கொத்தர்களையும் தச்சர்களையும், ஊழியத்திற்கு ஆயத்தமாகும் இளம் ஆயர்களையும் ஒன்றாக ஈடுபடுத்தினார். இறையியல் மாணவன் சாந்து சுமந்தான். கொத்தன் ஜெபம் ஏறெடுத்தான். இதனால் ஸ்காத்லாந்துச் சபை முழுவதும் புத்துயிர் பெற்றுவிட்டது என்று கூற மாட்டோம். ஆனால் கோவனின் கொத்தனுக்குச் சபை பட்டிருந்த கடன் அங்கே நினைவுகூரப்பட்டது.

காஞ்சியிலிருந்து சென்ற ஒருவர்

இவ்விரு நாடுகளையும் ஒருங்கே அறிந்தவர் லெஸ்லி நியூபிகின். ஸ்காத்லாந்துத் திருச்சபையின் மிஷனரியாக 1936இல் இந்தியாவிற்கு வந்த அவர், 1939 முதல் சில ஆண்டுகள் காஞ்சிபுரத்தில் தங்கிச் சுற்றுப்புறக் கிராமச் சபைகளில் உழைத்தார். இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையிலமர்ந்து, யோவான் நற்செய்தியையும் உபநிடதத்தையும் மாறிமாறி ஆராய்ந்ததும் இக்காலத்திலேயே. 1947ஆம் ஆண்டு தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரப் பேராயராகவும், பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகவும் பணியாற்றினார்.

1974இல் ஓய்வு பெற்ற அவர் தம் துணைவியாருடன் இரு பெட்டிகளை எடுத்துக்கொண்டு, கிடைத்த பேருந்துகளில் ஏறித் தரைவழியாகவே இங்கிலாந்து திரும்பினார். அங்கே அவர் கண்டது, தாம் விட்டுவந்த கிறிஸ்தவ நாடு அன்று. சென்னையின் சேரிகளிலும், நாளை சற்று நன்றாயிருக்கும் என்ற எதிர்பார்ப்பைக் கண்டவர் அவர். செல்வம் கொழித்த தம் தாய்நாட்டிலே நம்பிக்கையே மறைந்துபோயிருக்கக் கண்டதாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். கிறிஸ்தவ மரபு இருப்பதனாலேயே அந்நாடு நற்செய்திக்குச் செவிகொடுக்க மறுத்தது என்பது அவருடைய கணிப்பு. சுவிசேஷத்தை ஒருமுறை பெற்று, அதனைப் பழகி, பின்பு புறக்கணித்த சமுதாயத்திற்கு அதனை மீண்டும் அறிவிப்பது, அதை முதன்முறை கேட்கும் ஊருக்கு அறிவிப்பதினும் கடினம் என்று கண்டார். எழுபது வயதைக் கடந்த பின்பும் பர்மிங்காமில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சிறிய, நலிந்த சபையின் ஆயர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1998இல் மறையும்வரை அவர் எழுதிய நூல்களில் வலியுறுத்தியது இது: நற்செய்திக்கு விளக்கவுரை, அதை நம்பி அதன்படி வாழும் உள்ளூர்ச் சபையே. நம் கிராமச் சபைகளில் அவர் கண்டதன் சாயல் இதில் இருக்கிறது என்பது எம் துணிபு. தோட்டியும் கூலியாளும் கூடி, மண் தரையில் அமர்ந்து அப்பத்தில் பங்குபெறும் சபையைக் காணாதவர் இவ்வாறு எழுதியிருக்க இயலாது.

தூர்ந்த கிணறுகள்

ஆதியாகமம் 26ஆம் அதிகாரம், மரபைப் புதுப்பிப்பது எவ்வாறு என்பதற்குச் சிறந்த பாடம். ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணால் தூர்த்துவிட்டனர். ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டித் தன் தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான். அவன் தகப்பனுடைய கிணற்றைப் பற்றிப் பாட்டுப் பாடவில்லை; கிணற்றுக்கு நூற்றாண்டு விழாவும் எடுக்கவில்லை. மண்வெட்டியை எடுத்தான். மேலும், தோண்டியபின் அமைதி உண்டாகவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வாக்குவாதம் என்றும் பகை என்றும் பெயரிடத்தக்க இரண்டு கிணறுகளைக் கடந்த பின்னரே அவன் இடமுண்டாயிற்று என்ற மூன்றாம் கிணற்றை அடைந்தான்.

ஏரிகளையே நம்பி வாழும் நம் வட்டாரத்தாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்திலேயே பெயர்பெற்றது. ஏரியின் வண்டலை அகற்றுவதற்கென்றே அக்காலத்தார் அறக்கொடைகள் வைத்தனர்; அதைக் கண்காணிக்க ஏரி வாரியம் என ஒரு வாரியமும் இருந்தது. ஏரி வெட்டியவன் பேரன் என்று சொல்லிக்கொண்டிருந்தால் தண்ணீர் நிற்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் சபைகளில் படிந்துள்ள வண்டல் யாது? ஒன்றை மட்டும் கூறுவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தவரையே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இதன் விளைவாக நம் சபையார் பலருக்கு இரண்டு பெயர்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று. பள்ளிச் சான்றிதழிலும் குடும்ப அட்டையிலும் மற்றொன்று. இதனைப் பொய் என்று மேடையில் கண்டிக்கும் நண்பர்களை நாம் அறிவோம். அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஒரு பெயரால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. சட்டம் செய்த அநீதியைச் சகிக்கும் ஏழையின்மேல் அதன் பழியையும் சுமத்துவது ஆயர்ப்பணி ஆகாது. எனினும் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், திங்கட்கிழமைக்கு ஒரு பெயர் என்றே வளர்கின்றனர். ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் செல்லும் அவர்கள், அங்கே தாம் யார் என்று சொல்வதில்லை. சொல்லாமலிருந்து பழகியபின், சொல்லுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையும் வரக்கூடும். ஸ்காத்லாந்தில் செழிப்பினால் நேர்ந்தது நம்மிடத்தில் அச்சத்தினால் நேரலாம்.

1994ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை. அப்பொழுது நாம் இறையியல் மாணவராயிருந்தோம். அவ்வாரம் நாம் கேட்ட பிரசங்கம் ஒன்றிலும் அவர்கள் பெயர் வரவில்லை. ஆண்ட்ரூவும் கௌடியும் வாதாடிப் பெற்ற நிலத்திற்காக மாண்டவர்களை, அவர்களின் மரபைக் கொண்டாடும் நாம் அறியாதிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துக் கிராமச் சபை ஒன்றில் நூற்றாண்டு விழாவிற்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. நாம் அதன் ஆயர். பளிங்குக் கல்லில் எவரெவர் பெயரைப் பொறிப்பது, எந்த வரிசையில் பொறிப்பது என்பதிலேயே கமிட்டி மூன்று கூட்டங்களைக் கழித்தது. வயது முதிர்ந்த விதவை ஒருவர் ஆயர் வீட்டிற்கு வந்து, "கல்லுல எங்க தாத்தா பேரு வருமா ஐயா?" என்று கேட்டார். பதிவேட்டைப் புரட்டினோம். முதலாவது திருமுழுக்குப் பெற்ற குடும்பங்களில் அவருடைய பாட்டனார் பெயர் இருந்தது. தொழில் என்ற இடத்தில் படியாள் என்று எழுதியிருந்தது. அம்மூதாட்டி மேலும் கூறினார்: "ஏரிக்குக் கீழாண்ட ரெண்டு ஏக்கரு அவருக்குக் குடுத்தாங்களாம். இப்ப யாரோ கம்பி வேலி போட்டுட்டாங்க ஐயா." விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று கமிட்டியார் கூறினர். நாமும் அவ்வாறே கூறினோம். விழா முடிந்தது. பிறகு பார்க்கவில்லை.

நாம் வேறு சேகரத்திற்கு மாற்றலாகிச் சென்ற பின், அச்சபையின் வாலிபர் சங்கத்தார் தாங்களாகவே 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தை ஆராயத் தொடங்கினர். ஆராய்ச்சி ஆலயத்தினின்று ஏரிக்கரைக்கு மாறியது. அங்கே திருமுழுக்குப் பெறாத குடும்பத்தாரும் வந்தமர்ந்தனர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்துப் பழைய நிலப் பதிவேட்டின் நகலைப் பெற்றனர். நாமும் அழைக்கப்பட்டு இருமுறை சென்றோம். நாற்பது பேர்க்குக் குறையாமல் இருந்தனர். அவர்களுள் பாதிப்பேர் எம் காலத்தில் ஆராதனைக்கு வந்து யாம் கண்டதில்லை. ஊரில் கசப்பும் எழுந்துள்ளது. வாலிபர் இருவருக்கு வழக்கமாய்க் கிடைத்த அறுவடைக் கூலிவேலை நின்றுவிட்டது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் அளிப்பதற்கு மனு எழுதப்பட்டுவிட்டது. மனுதாரர் பெயரை எவ்வாறு எழுதுவது என்பதே இன்னும் தீரவில்லை. குடும்ப அட்டையில் உள்ள பெயரை மட்டும் எழுதுவதே பாதுகாப்பு என்றும், திருமுழுக்குப் பெயரைச் சேர்த்தால் நிலம் கேட்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும் என்றும் இளைஞர் அஞ்சுகின்றனர். அவர்கள் அச்சம் காரணமற்றதன்று. மூதாட்டியோ, "தாத்தா ரெண்டு பேரோடதான் செத்தாரு, ரெண்டையும் எழுதுங்க" என்கிறார். எம்மிடம் கருத்துக் கேட்டனர். சட்டம் அறிந்த ஒருவரைக் கலந்துகொள்ளும்படி கூறி, அடுத்த சனிக்கிழமை மாலை நாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.